60 நொடி பேச ஒலிம்பியா போனேன்

ஊரில் எந்தத் தொகுதியில் யார் நிற்கிறார்கள் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் கேட்டால் அரை நிமிடத்தில் பதில் வரும். அமெரிக்க அதிபர் நேற்று என்ன பேசினார் என்று கேட்டாலும் வரும். நாம் குடியிருக்கும் இந்த வாஷிங்டன் மாநிலத்தின் சட்டமன்றத்தில் நம் தொகுதிக்கு யார் உறுப்பினர் என்று கேட்டுப் பாருங்கள், யாருமே வாயைத் திறக்க மாட்டார்கள். 2022 வரை நானும் அப்படித்தான் இருந்தேன். மாநிலத் தலைநகர் ஒலிம்பியா என்பது தெரியும், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பெரிய குவிமாடத்தின் முன்னால் போட்டோ எடுத்ததும் உண்டு, அவ்வளவுதான்.

ஆனால் நம் கையில் இருக்கும் காசைத் தொடும் விதிகளில் பெரும்பகுதி அங்கேதான் எழுதப்படுகிறது. 2025 என்ற ஒரே ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாடகையை வருடத்துக்கு எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு உச்சவரம்பு வந்தது: விலைவாசி உயர்வோடு 7 சதவீதம், அல்லது 10 சதவீதம், இரண்டில் எது குறைவோ அது. மருத்துவமனைக் கடன் பாக்கியை உங்கள் கிரெடிட் ரிப்போர்ட்டில் ஏற்றக் கூடாது என்று இன்னொரு சட்டம். நாம் வாங்கிய எலக்ட்ரானிக் பொருளைப் பழுதுபார்க்கும் உரிமைக்கு மூன்றாவது. ஒவ்வொன்றும் ஆளுநர் மேசைக்குப் போகும் முன்னால் சட்டமன்றக் குழுக்களின் முன் கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு வந்து, யார் வேண்டுமானாலும் பேசலாம் என்று கதவு திறந்து வைக்கப்பட்ட மசோதாக்கள். அந்தக் கதவு வழியாக நான் இரண்டு முறை உள்ளே போனேன். முதல் முறை வீணாய்ப் போனது, இரண்டாவது முறை உருப்படியாக நடந்தது. இரண்டையும் எழுதிவைக்கிறேன், அடுத்து போகிறவருக்கு உதவும்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கவுண்டியில் நூலகங்களிலும் சமூகக் கூடங்களிலும் பழுதுபார்க்கும் நாள் என்று நடத்துவார்கள். மிக்ஸி, விளக்கு, கிழிந்த பை, உடைந்த போன் என்று மக்கள் கொண்டுவருவார்கள், தன்னார்வலர்கள் உட்கார்ந்து சரிசெய்து கொடுப்போம், காசு கிடையாது. எனக்குச் சாலிடரிங் கை வரும், அதனால் போன், லேப்டாப் மேசையில் என்னை உட்கார வைத்தார்கள். 2022 இலையுதிர் காலத்தில் ஒரு பெரியவர் வந்தார். கைகள் நடுங்கும் நோய். வங்கிச் செயலியைக் கைரேகை வைத்துத்தான் திறப்பார், எழுத்து எழுத்தாகக் கடவுச்சொல் தட்ட அவரால் முடியாது. போனின் கைரேகைப் பொத்தான் உடைந்திருந்தது. அதே நிறுவனம், அதே மாடல், தண்ணீரில் விழுந்து செத்துப்போன இன்னொரு போன் எங்கள் பெட்டியில் இருந்தது, அதிலிருந்து நல்ல பொத்தானைக் கழற்றி மாட்டினேன். கச்சிதமாக உட்கார்ந்தது, ஆனால் கைரேகை வேலை செய்யவில்லை. அந்தப் பாகம் அந்தப் போனின் போர்டோடு மென்பொருளால் ஜோடி சேர்க்கப்பட்டிருக்கிறது, வேறு போர்டு அதை ஏற்காது, ஏற்க வைக்கும் கருவி தயாரிப்பாளரிடம் மட்டும்தான் உண்டு. தயாரிப்பாளரின் சேவை மையத்தில் கேட்டால் அந்தப் பொத்தானைத் தனியாக மாற்றுவதில்லை, முழுப் போனாக மாற்றிக்கொள்ளுங்கள் என்றார்கள். பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. நன்றி சொல்லிவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இப்படிப் பாகங்களைப் பூட்டிவைப்பதைத் தடுக்க ஒரு மசோதா பல ஆண்டுகளாக ஒலிம்பியாவில் வந்துபோய்க்கொண்டிருக்கிறது என்று அங்கே இன்னொரு தன்னார்வலர் சொன்னார். பிரதிநிதி மியா கிரெகர்சன் முன்மொழிந்தது. 2021இல் 1212 என்ற எண்ணில் வந்து நின்றுபோனது, 2023இல் 1392 என்ற எண்ணில் மறுபடி வருகிறது, நீ போய்ப் பேசேன் என்றார்.

வீட்டில் சொன்னதும் கணவர் முதலில் கேட்டது, "நமக்கு எதுக்கும்மா இது? நாம இன்னும் எச்1பி வேலை விசாவிலதானே இருக்கோம்?" என்பதுதான்.

அவர் கேட்டதில் தப்பில்லை, நம்மில் பாதிப்பேர் வாயைத் திறக்காமல் இருப்பதற்குக் காரணமே இதுதான். நான் படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். குழுவின் முன் கருத்துச் சொல்லக் குடியுரிமை தேவையில்லை, பதிவுப் படிவத்திலும் அதைக் கேட்பதில்லை. ஓட்டுப் போடுவது வேறு, அது குடிமக்களுக்கு மட்டும், பொது இடங்களில் யாராவது வாக்காளர் பதிவுப் படிவத்தை நீட்டினால் தவறியும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். தேர்தலுக்குப் பணம் கொடுப்பதும் வேறு, கிரீன் கார்டு இல்லாதவர்கள் கொடுக்கக் கூடாது. பொதுக் கூட்டத்தில் போய்க் கருத்துச் சொல்வதற்கு மட்டும் லாபியிஸ்ட் (சட்டமன்றத்தில் ஒரு தரப்புக்காக ஆதரவு தேடுபவர்) என்று பதிவுசெய்யவும் வேண்டியதில்லை. நான் கவனமாக இருந்தது ஒரே விஷயத்தில்தான்: வேலை செய்யும் நிறுவனத்தின் பெயரை எங்கும் குறிப்பிடவில்லை, சொந்த மின்னஞ்சல், சொந்த லேப்டாப், அரை நாள் லீவு, பேசும்போதும் "என் சார்பில் மட்டும் பேசுகிறேன்" என்று ஒரு வாக்கியம். உங்கள் நிறுவனத்துக்கு இதுபற்றி விதி இருந்தால் முதலில் அதைப் படியுங்கள். உங்கள் விசா நிலை சிக்கலாக இருந்தால் ஒரு வக்கீலிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள்.

பதிவு செய்வது எளிது. சட்டமன்றத்தின் இணையதளத்தில் அவையை, குழுவை, கூட்டத் தேதியை, மசோதாவைத் தேர்ந்தெடுத்தால் மூன்று வழி காட்டும். நேரிலோ ஜூம் வழியாகவோ பேசலாம், எழுதி அனுப்பலாம், இல்லையென்றால் ஆதரவா எதிர்ப்பா என்று நிலையை மட்டும் பதிவுசெய்யலாம். ஆதரவு, எதிர்ப்பு என்பதோடு "மற்றவை" என்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு. இந்தத் திருத்தம் செய்தால் ஆதரிப்பேன் என்பவர்களுக்கு அதுதான் இடம், பலர் அது தெரியாமல் எதிர்ப்பில் போய்ப் பதிகிறார்கள். பேசவும் நிலையைப் பதியவும் கூட்டம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வாசல் மூடிவிடும். எழுதி அனுப்ப மட்டும் கூட்டம் தொடங்கி 24 மணி நேரம் வரை அவகாசம் உண்டு. இந்த 24 மணி நேரம்தான் இருப்பதிலேயே பெரிய வசதி, அதைப்பற்றிப் பிறகு சொல்கிறேன். நீங்கள் கொடுக்கும் பெயரும் எழுதியதும் பொது ஆவணம், பேசியதை டிவிடபிள்யூ என்ற அலைவரிசை ஒளிபரப்பிப் பதிவாகவும் வைத்திருக்கும். அதனால் உங்கள் மருத்துவ விவரம், வேறொருவரின் பெயர், வங்கி எண் எதையும் எழுதாதீர்கள். அந்தப் பெரியவரின் கதையைச் சொல்ல அவரிடம் முதலில் அனுமதி கேட்டேன், பெயரைச் சொல்ல மாட்டேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

சரி, 2023க்கு வருகிறேன். ஜூமில் பேசப் பதிவுசெய்தேன். மூன்று நாள் உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதினேன். வாய்ப்புக்கு நன்றி, நான் எந்த நாட்டிலிருந்து வந்தேன், பொருளை வாங்கியவனுக்கே அது சொந்தம் என்ற கொள்கை, குப்பையாகும் எலக்ட்ரானிக் சாமான்கள், சுற்றுச்சூழல், கடைசியில் அந்தப் பெரியவர். வீட்டில் கடிகாரம் வைத்துப் படித்தால் மூன்று நிமிடம் ஆனது, நன்றாக இருந்தது என்று மகளும் சொன்னாள். கூட்டம் தொடங்கியது. முதலில் குழு அலுவலர் ஒருவர் மசோதா என்ன செய்கிறது என்று விளக்கினார், அவர்கள் எந்தக் கட்சியையும் சேராதவர்கள், அந்த விளக்கக் குறிப்பு இணையத்திலேயே கிடைக்கும். பிறகு முன்மொழிந்தவர் பேசினார். பிறகு குழுத் தலைவர், பட்டியல் நீளமாக இருக்கிறது, ஆளுக்கு ஒரு நிமிடம் என்று அறிவித்தார். ஒரே நிமிடம்! என் பெயர் வந்ததும் எதைவிடுவது என்று தெரியாமல் முதல் வரியிலிருந்தே வேகமாகப் படிக்க ஆரம்பித்தேன். குப்பை வரைக்கும் வந்திருப்பேன், "நேரம் முடிந்தது, நன்றி" என்றார்கள். பெரியவரைப் பற்றி ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. நான் சொன்னது எல்லாவற்றையும் எனக்கு முன்னால் பேசிய நான்கு பேர் என்னைவிட நன்றாகச் சொல்லியிருந்தார்கள். என்னிடம் மட்டுமே இருந்த ஒன்றை நான் சொல்லாமலே எழுந்து வந்தேன்.

பட்டியல் நீளமானால் நேரம் குறையும், சில சமயம் உங்கள் பெயர் வராமலே கூட்டம் முடிந்துவிடும், இது எந்தக் குழுவிலும் நடக்கும். அதனால் இப்போது நான் எதை எழுதினாலும் ஒரு நிமிடத்துக்குத்தான் எழுதுகிறேன். ஆங்கிலத்தில் 120, 130 சொற்கள், அதற்கு மேல் வேண்டாம். கூடுதலாக நேரம் கிடைத்தால் பேச இன்னொரு பத்தி தனியாக வைத்துக்கொள்ளலாம். வரிசையும் மாறிவிட்டது. பெயர், ஊர், மசோதா எண், ஆதரவு, இதற்கு 10 நொடி. அடுத்த வாக்கியத்திலேயே நடந்த விஷயம். கடைசியில் அவர்களை என்ன செய்யச் சொல்கிறேன் என்பது ஒரே வரியில். கொள்கை விளக்கமெல்லாம் அங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நிறையக் கிடைக்கிறது, லாபியிஸ்ட்கள் அதைத்தான் கொண்டுவருகிறார்கள். ஒரு நூலகத்தின் மேசையில் ஒரு பொத்தானைக் கழற்றி மாட்டியபோது என்ன ஆனது என்பது அங்கே இருந்தவர் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.

அந்த 2023 கூட்டம் நடந்த அன்று சாயங்காலம் மனசு கனத்துப்போய் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த 24 மணி நேர விஷயம் கண்ணில் பட்டது. டிவிடபிள்யூ பதிவை மறுபடி போட்டு எதிர்த்துப் பேசியவர்கள் சொன்னதை மட்டும் கேட்டேன். தொழில்துறைச் சங்கங்களின் வாதம் முக்கியமாக இரண்டு: தெரியாதவர்கள் பேட்டரியைக் கழற்றினால் ஆபத்து, பாகங்களைத் திறந்துவிட்டால் தகவல் பாதுகாப்பு போய்விடும். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கிறது, அதைப் பொய் என்று தள்ளினால் நம் பேச்சை யாரும் நம்ப மாட்டார்கள். நான் எழுதியது இதுதான்: பேட்டரி ஆபத்தானது என்பதாலேயே அதைக் கழற்றும் முறையான கையேடும் சரியான கருவியும் எங்களுக்கு வேண்டும், இப்போது அவை இல்லாமல் யூகத்தில் கழற்றுகிறோம். கைரேகைப் பொத்தானைப் பொறுத்தவரை, திருடிய பாகம் நுழைவதைத் தடுக்க வேண்டியதுதான், ஆனால் உரிமையாளர் தன் போனைத் திறந்து காட்டிச் சம்மதித்த பிறகும் ஏற்க மறுப்பதற்கு என்ன காரணம்? பிறகு பெரியவரின் கதை. ஒரு பக்கத்துக்குள் முடித்து அனுப்பினேன். எழுதி அனுப்புவதை எல்லோரும் கூட்டத்துக்கு முன்பே அனுப்பிவிடுகிறார்கள். கூட்டம் முடிந்த பிறகு, அங்கே கேட்ட வாதங்களுக்குப் பதில் எழுதி அனுப்புங்கள். நம் தரப்பில் அதைச் செய்கிறவர்கள் குறைவு.

அந்த ஆண்டு மசோதா கீழவையில் நிறைவேறியது. மேலவையான செனட்டில் நின்றுபோனது. யாரும் அதைத் தோற்கடித்து ஓட்டுப் போடவில்லை, அதுதான் எனக்குப் புரியவே நாளானது. இங்கே மசோதாக்கள் பெரும்பாலும் நாள்காட்டியால் சாகின்றன. ஒற்றைப்படை ஆண்டில் 105 நாள், இரட்டைப்படை ஆண்டில் 60 நாள் மட்டுமே கூட்டத் தொடர். அதற்குள் இன்ன தேதிக்குள் கொள்கைக் குழுவைத் தாண்ட வேண்டும், இன்ன தேதிக்குள் நிதிக் குழுவை, இன்ன தேதிக்குள் அவையை என்று கட்ஆஃப் தேதிகள் உண்டு, அப்புறம் மறு அவையில் அதே சடங்கு மறுபடி. தாண்டாத மசோதா அந்த ஆண்டுக்கு முடிந்தது. எந்த மசோதாவைக் கூட்டத்துக்கு எடுப்பது, எதை ஓட்டெடுப்புக்கு வைப்பது என்பது குழுத் தலைவரின் கையில். நான் பேசிவிட்டு வந்து கடமை முடிந்தது என்று வேலையைப் பார்த்தேன். மசோதா செனட்டில் தேதிக்காகக் காத்திருந்த வாரங்களில் ஒரு மின்னஞ்சல்கூட எழுதவில்லை. நான் எழுதியிருந்தால் நிறைவேறியிருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எழுத வேண்டிய நேரம் அதுதான் என்பது எனக்குத் தெரிந்திருக்கவே இல்லை, அது இன்றும் உறுத்துகிறது.

குழு ஓட்டெடுக்கும் கூட்டத்தை இங்கே எக்ஸிகியூட்டிவ் செஷன் என்கிறார்கள். பெயரைப் பார்த்து மூடிய கதவுக் கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். யாரும் பார்க்கலாம், பேச மட்டும் முடியாது. திருத்தங்கள் அங்கேதான் சேரும். கருத்துக் கேட்புக்கும் இதற்கும் இடையில் இருக்கும் சில நாட்கள்தான் குழு உறுப்பினர்களுக்கு எழுத நல்ல நேரம். இந்த மாநிலத்தில் 49 தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு செனட்டரும் இரண்டு பிரதிநிதிகளும். உங்களுக்கு மூன்று பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களின் உதவியாளர் உங்கள் மின்னஞ்சலைப் படிப்பார், சில சமயம் திரும்ப அழைக்கவும் செய்வார். உதவியாளர்தானே என்று ஒதுக்காதீர்கள், என் அனுபவத்தில் மசோதா எங்கே சிக்கியிருக்கிறது என்று நேராகச் சொன்னவர் ஒரு உதவியாளர்தான்.

2024இன் குறுகிய தொடரிலும் அது சட்டமாகவில்லை. 2025இல் 1483 என்ற புது எண்ணில் வந்தது. இந்தத் தடவை கீழவையைத் தாண்டி செனட் குழுவுக்கு வந்தபோது நேரிலேயே போவது என்று முடிவுசெய்தேன். ஜூமில் பேசினாலும் அதே மதிப்புதான், தூரத்தில் இருப்பவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் தாராளமாக ஜூமில் பேசலாம். எனக்கு அந்த அறையைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. பெல்வியூ பக்கத்திலிருந்து 60 மைலுக்கு மேல், டகோமா தாண்டியதும் ராணுவத் தளத்தை ஒட்டி வண்டிகள் ஊர்ந்துதான் போகும், அதற்கென்று தனியாக ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். செனட் குழுக்கள் செர்பெர்க் கட்டடத்தில், கீழவைக் குழுக்கள் ஓ'பிரையன் கட்டடத்தில். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், நான் முதலில் தப்பான கட்டடத்துக்குள் போய்ப் பத்து நிமிடம் அலைந்தேன்.

அறை நான் நினைத்ததைவிடச் சிறியது. விசாரணை, சாட்சியம் என்று சொல்லிச் சொல்லி நமக்குக் கோர்ட் கூண்டு ஞாபகம் வந்துவிடுகிறது, அங்கே அப்படி எதுவும் இல்லை. வளைந்த மேசையின் பின்னால் உறுப்பினர்கள், எதிரே ஒரு சின்ன மேசை, மைக், நேரம் காட்டும் விளக்கு. நீங்கள் பேசும்போது ஒருவர் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருப்பார், இன்னொருவர் எழுந்து வெளியே போவார். முதல் தடவை பார்க்கிறவருக்கு இது அவமதிப்பாகத் தோன்றும். அவர்களுக்கு அதே நேரத்தில் வேறு குழுவில் தன் மசோதா இருக்கும், லேப்டாப்பில் உங்கள் மசோதாவின் குறிப்பே திறந்திருக்கலாம். அதை மனதில் ஏற்றிக்கொள்ளாமல் குழுத் தலைவரைப் பார்த்துப் பேசுங்கள்.

பெயர் கூப்பிட்டார்கள். வயிற்றைப் பிசைந்தது, போய் உட்கார்ந்தேன். உச்சரிப்பைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு தயக்கம் உண்டு, அதற்கு நான் செய்தது வேகத்தைக் குறைத்ததுதான். 130 சொல்லை 100 ஆக்கினேன், ஒவ்வொரு வாக்கியமும் முடிந்தபின் மூச்சு விட்டேன். நூலகம், நடுங்கும் கைகள், பொத்தான், கச்சிதமாக உட்கார்ந்தும் வேலை செய்யாதது, பையில் போட்டுக்கொண்டு போன பெரியவர். "பாகத்தைப் பூட்டிவைப்பதைத் தடுக்கும் பிரிவை மெலிதாக்காமல் அப்படியே வைத்திருங்கள்" என்று முடித்தேன். விளக்கு இன்னும் சிவப்பாகவில்லை.

ஒரு செனட்டர் கேட்டார், "அந்தப் பாகத்தை மாற்ற உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"25 நிமிடம். மாற்றியும்விட்டேன். அதை ஏற்றுக்கொள் என்று போனுக்குச் சொல்லும் கருவிதான் என்னிடம் இல்லை" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு எதையோ குறித்துக்கொண்டார். கேள்வி வந்தால் பயப்படாதீர்கள், கேள்விக்கான பதில் உங்கள் ஒரு நிமிடத்தில் சேராது, அது கூடுதலாகக் கிடைக்கும் நேரம். பதில் தெரியாவிட்டால் "இப்போது தெரியாது, எழுதி அனுப்புகிறேன்" என்று சொல்லுங்கள், அப்படிச் சொன்னால் அன்றைக்கே அனுப்புங்கள். யூகித்துப் பதில் சொன்னவர் ஒருவரை அடுத்த கேள்வியில் திணற வைத்ததை அன்றே பார்த்தேன்.

வெளியே நடைபாதையில் எதிர்த்துப் பேசிய ஒருவர் என்னிடம் வந்து, அந்தப் பெரியவர் இப்போது எப்படிச் சமாளிக்கிறார் என்று கேட்டார். மகள் வாரம் ஒருமுறை வந்து வங்கி வேலையைப் பார்க்கிறாள் என்றேன். அவர் தன் வேலையைச் செய்ய வந்தவர், நானும் வந்த வேலையைச் செய்தேன். அங்கே யாரையும் எதிரியாக்கிக்கொள்ள வேண்டாம், அடுத்த ஆண்டும் அதே முகங்கள்தான் இருக்கும்.

இப்போது மசோதாவைப் படிப்பது பற்றி. எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள், மீறினால் என்ன ஆகும், யார் நடவடிக்கை எடுக்கலாம் என்ற பிரிவு அங்கே இருக்கும். நுகர்வோர் பாதுகாப்பு மசோதாக்களின் உயிரே அதுதான். இந்த மாநிலத்தில் 1961இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒன்று உண்டு. புது மசோதா ஒன்றில் "இதை மீறுவது அந்தச் சட்டத்தை மீறுவதாகும்" என்ற ஒரு வரி இருந்தால் அதன் பல் கூர்மையாகிவிடும், ஏனென்றால் பழைய சட்டத்தின்படி பாதிக்கப்பட்டவரே வழக்குப் போடலாம், நீதிமன்றம் நினைத்தால் நஷ்டஈட்டை மூன்று மடங்கு வரை கூட்டலாம், அப்படிக் கூட்டுவதற்கு 25,000 டாலர் வரம்பு. வழக்குப் போடும் உரிமையை அட்டர்னி ஜெனரலுக்கு, அதாவது மாநில அரசின் தலைமை வழக்கறிஞருக்கு மட்டும் என்று சுருக்கினால் கதையே வேறு. 2019 முதல் 2021 வரை தனியுரிமை மசோதா ஒன்று மூன்று ஆண்டும் செனட்டில் நிறைவேறி, கீழவையில் பெரும்பாலும் இந்தச் சண்டையில் மூழ்கிப்போனது. 2023இல் உடல்நலத் தரவுக்கு வந்த சட்டம், தனிநபர் வழக்குரிமையோடு நிறைவேறியது. ஒரு மசோதாவை ஆதரிக்கிறேன் என்று பதியும் முன்னால் இந்த வரி இருக்கிறதா, என்ன சொல்கிறது என்று பாருங்கள். பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

எந்தப் பிரதியைப் படிக்கிறீர்கள் என்பதும் முக்கியம். குழு மாற்றி எழுதினால் எண்ணுக்கு முன்னால் மாற்று மசோதா என்று எழுத்துகள் சேர்ந்துகொள்ளும், பிரிவு எண்களும் நகர்ந்துவிடும். கூட்டத்தன்று காலையில்கூடப் புதுப் பிரதி வரும். வேறொரு மசோதாவுக்கு எழுதி அனுப்பியபோது, நான் 4ஆம் பிரிவு என்று திட்டியது முந்தைய பிரதியின் 4ஆம் பிரிவு. நான் கேட்ட திருத்தம் ஏற்கெனவே செய்யப்பட்டிருந்தது. மணிக்கணக்கில் உழைத்து எழுதியது.

நிதிக் குழுவுக்குப் போனால் அங்கே பேச வேண்டியது பணம் பற்றி மட்டும். மசோதா நல்லதா கெட்டதா என்பதை முதல் குழு பார்த்தாயிற்று. அரசுக்கு என்ன செலவு, அந்தக் கணக்கில் எது விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான். பெரியவரின் கதையை அங்கே சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள், பயன் குறைவு.

வேறு மாநிலத்தில் இருப்பவர்கள் இதையெல்லாம் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒவ்வோரிடத்திலும் வழக்கம் வேறு. கலிபோர்னியாவில் ஒரு தரப்புக்கு இரண்டு முக்கிய சாட்சிகள்தான் விரிவாகப் பேசுவார்கள், மற்றவர்கள் வரிசையில் வந்து பெயர், அமைப்பு, நிலை மூன்றையும் சொல்லிவிட்டு நகர வேண்டும். அதனால் அங்கே முக்கிய சாட்சியாக வேண்டுமானால் முன்மொழிந்தவரின் அலுவலகத்தை வெகு முன்னாலேயே பிடிக்க வேண்டும். டெக்சாஸில் சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டில் மட்டும் 140 நாள் கூடும், குழுக் கூட்டங்கள் நள்ளிரவு வரை போவது உண்டு, சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். நியூ ஹாம்ப்ஷயரில் எல்லா மசோதாவுக்கும் கருத்துக் கேட்பு நடந்தாக வேண்டும். உங்கள் மாநிலக் குழு நடத்திய ஒரு கூட்டத்தின் பதிவை முழுதாக, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, ஒரு தடவை பாருங்கள். அதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

1483 இரண்டு அவைகளிலும் பெருவாரியான ஆதரவோடு நிறைவேறி 2025 மே மாதம் ஆளுநர் பாப் ஃபெர்குசன் கையெழுத்துப் போட்டார். பாகம், கருவி, கையேடு மூன்றையும் உரிமையாளருக்கும் வெளிக் கடைக்காரருக்கும் நியாயமான முறையில் கொடுக்க வேண்டும், பாகத்தைப் பூட்டி வேலையைக் கெடுக்கக் கூடாது, 2026 ஜனவரி 1 முதல் நடைமுறை. என் 60 நொடியால் அது நடக்கவில்லை, வருடக்கணக்காக அதற்காக நடந்தவர்கள் நிறையப் பேர். நானும் அந்த வரிசையில் நின்றேன் என்பதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம்.

கையெழுத்தான அன்று பெரியவருக்குப் போன் செய்து சொன்னேன். பேசி முடித்த பிறகுதான் சட்டத்தின் இறுதிப் பிரதியை எடுத்து நிதானமாகப் படித்தேன். 2021 ஜூலை 1 முதல் விற்கப்பட்ட சாதனங்களுக்குத்தான் பொருந்தும். அவர் போன் 2020இல் வாங்கியது. மறுநாள் மறுபடி அழைத்து அதையும் சொன்னேன். "சரிம்மா, என் மகளோட போன் புதுசு, அதுக்கு உபயோகப்படும் இல்லையா?" என்று கேட்டார். உபயோகப்படும் என்றேன். அடுத்த பழுதுபார்க்கும் நாள் எப்போது என்று கேட்டார், தேதி சொன்னேன், எழுதிக்கொள்ள அவருக்குக் கொஞ்சம் நேரம் ஆனது.